வண்டிக்குள் இருந்த மலை

நீலமேகத்தின் வண்டி ஏற்காட்டு மலையில் இழுக்க முடியாமல் நின்ற செய்தி, வண்டி காரைக்காலுக்குத் திரும்புவதற்கு முன்பே டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த கமருன்னிசா குடும்பத்தோடு இறங்கி ஒரு வளைவு முழுக்க நடந்து ஏறினார். ஏறிக்கொண்டே குவைத்தில் இருக்கும் கணவருக்கு வீடியோ காலில் காட்டினார். அவர் சிரித்துக்கொண்டே கடைத்தெருவில் இருக்கும் தம்பிக்குச் சொன்னார். அப்புறம் ஊருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கமருன்னிசாவின் மகன் ஜவஹர் அலியை இந்த ஜூனில்தான் ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் போய்ப் பார்க்கலாம். பையன் பிளஸ் டூ முடிக்கும்வரை அந்த ஞாயிறு யாருடைய வண்டிக்கு என்பதுதான் பேச்சு. சனிக்கிழமை திருநள்ளாற்றுக்கு வருகிறவர்களை நம்பி ஓடும் வண்டிக்கு இப்படி ஒரு நிலையான வாடகை கிடைப்பது லேசில்லை. முதல் பயணத்திலேயே அது கைநழுவப் பார்த்தது.

"அண்ணே, நாகூருக்கு நடந்து வாரேன்னு நேந்திருக்கேன், இல்லேங்கல" என்றார் கமருன்னிசா, ஊர் திரும்பி இறங்கும்போது. "ஏற்காட்டுக்கு நடந்து வாரேன்னு எந்த அவுலியாக்கிட்டயும் நேரல. அடுத்த மாசம் ஒரு தடவை பாப்பேன். அப்பவும் எறக்கிவிட்டீங்கன்னா வேற வண்டிதான். கோச்சுக்கக் கூடாது."

நீலமேகம் தலையை ஆட்டினார். இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறார். வேளாங்கண்ணி, சிதம்பரம், கும்பகோணம், வளைகுடாவிலிருந்து வருகிறவர்களை அழைத்துவரச் சென்னை விமான நிலையம். எல்லாமே தட்டை நிலம். அவருக்குத் தெரிந்த ஏற்றமெல்லாம் ஆற்றுப்பாலம்தான். நடுவழியில் ஆளை இறக்கிவிட்டவர் என்ற பேர் அதுவரை அவருக்கு இருந்ததில்லை.

ஸ்டாண்டில் மாரிக்கண்ணு என்ற டிரைவர் வைத்தியம் சொன்னார். வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, இன்ஜினுக்கு எவ்வளவு டீசல் கொடுக்க வேண்டும் என்று அதில்தான் எழுதியிருக்கிறது, அதை அழித்து வேறு மாதிரி எழுதினால் வண்டி புலி மாதிரி இழுக்கும். ரீமேப் என்று பேர். கோட்டுச்சேரியில் அஜ்மீர் என்ற ஷார்ஜா ரிட்டர்ன் ஒருத்தர் செய்கிறார். வண்டிக் கடனுக்குக் கட்டும் இரண்டு மாதத் தவணைப் பணம் ஆகும்.

வரிச்சிக்குடியில் தன் வீட்டில் அன்று சாயங்காலம் நீலமேகம் இந்தப் பேச்சை எடுத்தபோது மகள் எழில்மதி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"தவணைய நிறுத்திட்டு, எவனோ சொன்னான்னு வண்டி மூளைய மாத்தப்போறியா?"

"எவனோ இல்ல. மாரிக்கண்ணு சொன்னான்."

"மாரிக்கண்ணு மாமா சொன்னா செய்வ. வீட்டுல எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பொண்ணு ஒருத்தி குந்தியிருக்கேன். என்னக் கேக்கணும்னு தோணல?"

"நீ வண்டியப் பத்தியா படிச்ச?" என்று கேட்டார் நீலமேகம். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனாலேயே அது சுருக்கென்று தைத்தது.

"வாய அடக்கு" என்றாள் அம்மா அமுதம், யாரைச் சொல்கிறாள் என்று இருவருக்கும் விளங்காதபடி.

எழில்மதி என்ன படித்தாள் என்று அவளையே கேட்டாலும் நல்ல பதில் கிடைக்காது. அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். நான்கு வருடம். மைக்ரோகண்ட்ரோலர் லேப் என்று ஒன்று இருந்தது. வேலை செய்கிற கிட் ஒன்றே ஒன்று. அதைச் சுற்றிப் பையன்கள் நிற்பார்கள். மற்றவர்கள் அவர்கள் தோளுக்கு மேலாக விடையைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். ஒரு இயந்திரம் யோசிப்பதை அவள் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. பட்டம் கையில் இருக்கிறது. வேலை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில், மற்றவர்களுடைய வேலை விண்ணப்பங்களை ஆன்லைனில் நிரப்புவது. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறாள் என்று தெருவில் சொல்வார்கள். சும்மா ஒன்றும் விழவில்லை.

அடுத்த ஏற்காட்டுப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால், பட்டறைக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். அந்த ஷார்ஜா ஆளின் வண்டவாளத்தை அங்கேயே வெளியே இழுத்துப் போட்டு, அப்பாவைப் பணத்தோடு திருப்பிக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

அஜ்மீரின் பட்டறை ஒரு டைல்ஸ் கடைக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் இருந்தது. எண்ணெய்க் கறையும் ஸ்பேனரும் எதிர்பார்த்துப் போனவளுக்கு அங்கே துடைத்து வைத்த ஒரு மேஜையும், அதன் மேல் லேப்டாப்பும், ஓடிக்கொண்டிருந்த ஒரு டேபிள் ஃபேனும்தான் கண்ணில் பட்டன. ஆள் நாற்பது வயதுக்காரர். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய கைலி.

"வாங்கண்ணே. மாரிக்கண்ணு அண்ணன் போன் பண்ணுச்சு. மலையில படுத்துருச்சாமே வண்டி?"

"படுக்கல பாய். மூச்சு வாங்குச்சு" என்றார் நீலமேகம்.

"இது எந்த ஊரு சர்ட்டிபிகேட்டு?" என்று எழில்மதி சுவரைக் காட்டிக் கேட்டாள்.

"அது சர்ட்டிபிகேட் இல்ல தங்கச்சி, காலண்டரு. அரபில இருக்கு" என்றார் அஜ்மீர்.

நீலமேகம் தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே பார்த்தார். எழில்மதிக்குக் காது சூடாகியது.

அஜ்மீர் முதலில் பேட்டரிக்கு ஒரு சார்ஜரை மாட்டினார். பாதி எழுதும்போது கரண்ட் இறங்கினால் வண்டி மூளை செத்துப்போகும் என்றார். பிறகு ஸ்டியரிங்குக்கு அடியில் கையை விட்டு ஒரு கேபிளைச் சொருகினார். நீலமேகம் இத்தனை வருடத்தில் அங்கே ஒரு துளை இருப்பதைப் பார்த்ததே இல்லை. திரையில் ஒரு கோடு மெல்ல நிரம்பிக்கொண்டு போனது.

"இப்ப படிக்கிறேன். இன்னும் ஒண்ணும் மாத்தல. உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாத்துருவோம்."

கோடு நிரம்பியதும் திரை முழுக்க எண்கள் வந்து கொட்டின. வரி வரியாக, முடிவே இல்லாமல். அஜ்மீர் அதில் ஒரு இடத்தைப் பிடித்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். எண்கள் எழுந்து நின்றன.

அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது. தட்டையாகக் கிடந்த எண்கள், நடவு வயலில் நீர் வற்றி நாற்று நிமிர்வதுபோல, ஒவ்வொன்றும் தன் அளவுக்கு எழும்பி நின்றன. இந்தப் பக்கம் பள்ளம். நடுவில் சரிவு. அந்தப் பக்கம் ஒரு முகடு, அதன் உச்சியில் ஒரு சமதளம், அதைத் தாண்டியதும் செங்குத்தாக இறங்கும் ஒரு பாறை. எழில்மதி மலையைப் பார்த்ததில்லை. அவள் பார்த்த முதல் மலை அந்தத் திரையில் இருந்ததுதான்.

"இது என்ன?"

"இதுதான் மேப்பு. இந்தப் பக்கம் இன்ஜின் சுத்துற வேகம். இந்தப் பக்கம் காத்து எவ்வளவு உள்ள வருது. உசரம்தான் டீசலு. எந்த வேகத்துல, எவ்வளவு காத்துக்கு, எவ்வளவு டீசல் வரைக்கும் பீச்சலாம்னு."

"இது எப்பப் பாக்கும்? வண்டி ஸ்டார்ட் பண்ணும்போதா?"

அஜ்மீர் சிரித்தார். "எப்பப் பாக்குமா? ஒவ்வொரு தடவ பீச்சும்போதும் பாக்கும். நீங்க 'அ'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பத்து தடவ பாத்துரும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. யார் தோளுக்கு மேலாகவும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவுமில்லை. அடுத்தது காட்டுங்க என்றாள். அடுத்தது காட்டினார். இன்ஜின் சூட்டுக்கு ஒரு பட்டியல் இருந்தது. அதன் முதல் வரியில் மைனஸ் முப்பது என்று இருந்தது.

"மைனஸ் முப்பதா? டிகிரியா?"

"ஆமா. பனியில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணா எப்புடிப் பண்ணணும்னு."

"இந்த வண்டி திருநள்ளாறு ஸ்டாண்டுல நிக்கிற வண்டி."

"அது இதுக்குத் தெரியாதுல்ல."

இன்னொரு பட்டியல் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு. கடல் மட்டத்தில் இவ்வளவு, மேலே போகப் போகக் காற்று மெலியும், அப்போது டீசலை இவ்வளவு குறைத்துக்கொள், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவை இதற்கு மேல் சுற்ற விடாதே. வரி வரியாக ஏறிக்கொண்டே போனது. ஏற்காட்டைத் தாண்டி, ஊட்டியைத் தாண்டி, மனிதர் மூச்சுவிடத் திணறும் உயரம்வரைக்கும் எண்கள் இருந்தன. வரிச்சிக்குடி வாய்க்கால் ஓரம் நிற்கும் இந்த மஞ்சள் போர்டு வண்டி, கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த வண்டி, இமயமலைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தனக்குள்ளே வைத்துக்கொண்டு இத்தனை வருடம் பேசாமல் ஓடியிருக்கிறது.

எழில்மதிக்குப் புல்லரித்தது. அவள் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"இந்த வரியெல்லாம் நமக்கு வேஸ்ட்டு" என்றார் அஜ்மீர். "கம்பெனிக்காரன் பயந்து பயந்து எழுதியிருக்கான். இந்த இன்ஜினு நூறு குதிரைசக்தி தரும். அவன் எழுவதுலயே பூட்டு போட்டுட்டான். நான் செய்யிறது வேற ஒண்ணுமில்ல, அந்தப் பூட்டக் கொஞ்சம் தொறந்துவிடுவேன்."

"ஏன் பூட்டுனான்?"

"ஏன்னா, வண்டி யாருகிட்ட போகும்னு அவனுக்குத் தெரியாதுல்ல தங்கச்சி. ஒருத்தன் கலப்பட டீசல் ஊத்துவான். ஒருத்தன் ஆயில் மாத்தவே மாட்டான். ஒருத்தன் அக்னி நட்சத்திரத்துல ஏழு பேர ஏத்திக்கிட்டு ஏசியும் போட்டுக்கிட்டுப் போவான். அத்தன பேருக்கும் தாங்கணும்ல."

அத்தனை பேருக்கும். இந்த உலகத்தில் தனக்காக முன்கூட்டி யோசித்து யாரும் எதையும் செய்ததில்லை என்று எழில்மதி கணக்கு வைத்திருந்தாள். பஸ் அவளுக்காக யோசிக்கவில்லை. கல்லூரி யோசிக்கவில்லை. வேலை கொடுக்கிறோம் என்று வந்துவிட்டுப் போன கம்பெனிகள் யோசிக்கவில்லை. ஆனால் எங்கேயோ ஒரு ஊரில், குளிரூட்டிய அறையில், பேர் தெரியாத ஒரு ஆள் உட்கார்ந்து, தான் பார்க்காத ஒரு டிரைவர் ஆயில் மாற்றக் காசில்லாமல் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவான் என்று நினைத்து, அவனுக்காகக் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு இடத்தில் அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும். அவள் அப்பாவுக்கு இந்த உலகம் விட்டுவைத்த மிச்சம் இந்தத் திரையில் இருப்பது மட்டும்தானோ என்று தோன்றியது. அதைத்தான் அவர் காசு கொடுத்துக் கழற்ற வந்திருக்கிறார்.

"கழட்டுனா என்ன ஆகும்? பொய் சொல்லாம சொல்லுங்க."

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்?" அஜ்மீருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "வண்டி நல்லா இழுக்கும். சத்தியமா இழுக்கும். கிளட்ச் சீக்கிரம் தேயும், டர்போவுக்கு வேல கூடும், பழைய வண்டின்னா பொகை வரும். சொந்தமா வச்சுக்கிட்டு ஆசைக்கு ஓட்டுறவங்களுக்கு லாபம்தான். கொண்டுவர்ற பாதிப் பேரு அவங்கதான்."

"டீசலு மிச்சமாகும்னு மாரிக்கண்ணு சொன்னானே?" என்றார் நீலமேகம்.

"அது உங்க காலப் பொறுத்ததுண்ணே. பவரு கூடுனா காலு சும்மா இருக்காது."

எழில்மதி மறுபடியும் முதல் மேப்புக்குப் போகச் சொன்னாள். அந்த மலை திரும்பி வந்தது. அவள் விரலை முகட்டில் வைக்கவில்லை, அடிவாரத்துப் பள்ளத்தில் வைத்தாள்.

"இன்ஜின் மெதுவா சுத்துறப்ப ஏன் இவ்வளவு பள்ளமா இருக்கு?"

"டர்போ அப்ப முழிக்காது. காத்து இல்ல. காத்து இல்லாம டீசலக் கொட்டுனா கரும்பொகைதான். அதான் கம்மியா குடுக்குது."

"எதுக்கு மேல போனா ஏறுது?"

"ஆயிரத்து எட்டுநூறு சுத்துக்கு மேல. இந்தா, இங்கேர்ந்து."

அவள் திரும்பினாள். "அப்பா, மலையில எந்த கியர்ல ஓட்டுன?"

"தேர்டுல" என்றார் நீலமேகம்.

"செகண்ட் போடலயா?"

"போட்டேன். போட்ட உடனே வண்டி கத்துச்சு. கேக்கவே பாவமா இருந்துச்சு. தேர்டுக்கு மாத்திட்டேன்."

அவள் புரிந்துகொண்டாள். இந்த மண்ணில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. உட்கார்ந்திருப்பவருக்குக் கியர் மாறுவது தெரியக் கூடாது. இன்ஜின் குரலை உயர்த்தக் கூடாது. காரைக்காலில் போட்ட கியரைக் கும்பகோணத்தில்தான் தொட்டேன் என்று சொல்லிக்கொள்வார்கள். அது தட்டை நிலத்துக்குச் சரியான கெட்டிக்காரத்தனம். மலையில் அதே கெட்டிக்காரத்தனத்தோடு, வண்டியைக் கத்தவிடாமல் செல்லமாகவே நடத்தி, அதை அந்தப் பள்ளத்துக்குள்ளேயே அப்பா அழுத்தி வைத்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்த முகட்டுக்கு ஏறவே விடவில்லை.

இதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மெதுவாகச் சொல்ல வராது.

"வண்டி மேல ஒரு தப்பும் இல்லப்பா. ஓட்டுனது தப்பு."

அஜ்மீர் திரையைப் பார்த்துக்கொண்டார். இன்னொருத்தர் பட்டறையில், இன்னொருத்தர் முன்னால், இருபது வருட டிரைவரை அவர் பெற்ற பெண்ணே அப்படிச் சொன்னாள். நீலமேகத்தின் முகம் கறுத்தது. அவர் எழுந்து வண்டிப் பக்கம் போய் நின்று, கூரையில் கையை வைத்துக்கொண்டார்.

"பாய், கேபிளக் கழட்டிருங்க."

"அண்ணே, தங்கச்சி ஏதோ..."

"கழட்டுங்க. அது சொன்ன மாதிரியே ஓட்டிப் பாக்குறேன். அடுத்த ஞாயிறு மலையில நின்னுச்சுன்னா கமருன்னிசா தங்கச்சி வாடக போகும். போவட்டும். ஆனா நீயும் வண்டியில வர்ற" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். "நின்னா, இறங்கி நடக்குறவங்களுக்கு நீ பதில் சொல்லு."

அஜ்மீர் சார்ஜரைக் கழற்றிச் சுருட்டினார். வந்த வேலை போனதில் அவருக்கு வருத்தம்தான், மறைக்கவும் இல்லை. "நீங்க அடிக்கடி வராதீங்க தங்கச்சி. கடைய இழுத்து மூட வேண்டியதுதான்" என்றார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு சாதனத்தை எடுத்து நீட்டினார். "இத அந்த ஓட்டையில சொருகுனா, வண்டி என்ன நினைக்குதுன்னு போன்ல தெரியும். ஷார்ஜாவும் தட்ட, நம்ம ஊரும் தட்ட. இந்த நம்பரெல்லாம் மலையில எப்புடி ஓடும்னு நானும் பாத்ததில்ல. திருப்பிக் கொண்டாரப்ப எனக்குச் சொல்லணும்."

*

விடியற்காலையில் கமருன்னிசா வீட்டு வாசலில் வண்டி நின்றது. நாத்தனாரும் அவர் பிள்ளைகளும் ஏற, பின் இருக்கை நிரம்பியது. மகனுக்கு இறால் வறுவல் ஒரு டப்பா, தம்ரூட் இனிப்பு ஒரு டப்பா, தலையணை ஒன்று. எழில்மதி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கமருன்னிசா கேட்டார்:

"பாப்பா எதுக்கு? தள்ளுறதுக்கா?"

"ஆமாக்கா. நின்னா நான் தள்ளுறேன்" என்றாள் எழில்மதி.

"துஆ செஞ்சிட்டுத்தான் வந்திருக்கேன். உனக்கும் சேத்து."

அப்பா அந்த வாரம் முழுக்க அவளிடம் சரியாகப் பேசியிருக்கவில்லை. இப்போதும் பேசவில்லை. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி. அவள் மடியில் கைப்பேசி இருந்தது. அதில் வெளிக்காற்றின் அழுத்தம் என்று ஒரு எண். கிளம்பும்போது நூற்றொன்று. தஞ்சாவூரிலும் ஏறக்குறைய அதுதான். ஊரில் அது மாறவே மாறாது என்று அவளுக்குத் தோன்றியது. மாற அங்கே என்ன இருக்கிறது.

நாமக்கல் தாண்டியதும் நூறுக்குக் கீழே வந்திருந்தது. சேலத்தை நெருங்கும்போது வானத்தின் ஓரத்தில் ஒரு கருநீல மேகம் கிடந்தது. மழை வரப்போகிறது என்று நினைத்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த மேகம் நகரவில்லை. கலையவும் இல்லை. அருகே போகப் போக அதன் மேல் மரங்கள் முளைத்தன.

"அதுதான்" என்றார் அப்பா. அன்று அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை.

நிலம் எழுந்து நிற்கும் என்று எழில்மதி படத்தில் பார்த்திருக்கிறாள். ஆனால் இது கண்ணாடி முழுக்க நிறைந்து, அதற்கும் மேலே போனது. உச்சியைப் பார்க்க அவள் குனிய வேண்டியிருந்தது. இதன் மேல் ஒரு சாலை இருக்கிறது என்பதையும், அதில் வரிச்சிக்குடியில் கழுவி எடுத்து வந்த வண்டி ஏறப்போகிறது என்பதையும் அவளால் நம்ப முடியவில்லை. ஏதோ எண்களைப் பார்த்துவிட்டு அப்பாவைத் தப்பு என்று சொல்லிவிட்டோமே என்று அப்போதுதான் தோன்றியது.

அடிவாரத்தில் சாலை தூக்கியது. நீலமேகம் தேர்டில் கொஞ்சம் போனார். வண்டி முனக ஆரம்பித்தது. கைப்பேசியில் சுற்று ஆயிரத்து இருநூறுக்கு இறங்கியது. அவர் அவளைப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கியரைச் செகண்டுக்கு இழுத்தார்.

வண்டி குரலெடுத்தது. பின்னால் பேச்சு நின்றது. நீலமேகத்தின் கை தானாகவே கியர் மேல் போய் உட்கார்ந்தது. தேர்டுக்குத் தள்ளிவிட அது துடிப்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்துவிட்டு, மெல்ல ஸ்டியரிங்குக்குத் திரும்பியது.

இரண்டாயிரம். இரண்டாயிரத்து இருநூறு. டர்போ விழித்துக்கொண்ட மெல்லிய விசில் கேட்டது. வண்டி ஏறியது. நிற்காமல், தயங்காமல், யாரோ பின்னாலிருந்து தோள் கொடுத்ததுபோல ஏறியது.

"அண்ணே, என்ன இப்புடிக் கத்துது? ஒண்ணும் ஆயிராதே?" என்றார் கமருன்னிசா.

"அது அதோட வேலையப் பாக்குது தங்கச்சி" என்றார் நீலமேகம். குரல் இறுகித்தான் இருந்தது.

எதிரே ஒரு பஸ் வளைவை அடைத்துக்கொண்டு இறங்கியது. நீலமேகம் அரை நொடியில் ஒதுங்கி, ஃபர்ஸ்டுக்கு வந்து, பஸ்ஸின் பின்சக்கரம் கடந்த அதே கணத்தில் வண்டியைப் பாய்ச்சி, மறுபடி செகண்டுக்குப் போனார். கைப்பேசியில் சுற்று முகட்டை விட்டு இறங்கவே இல்லை. அதை எப்போது, எவ்வளவு என்று அவளால் சொல்லித் தந்திருக்க முடியாது. அவர் எண்களைப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச தூரத்திலேயே அந்தக் கத்தல் எது, வலி எது என்று அவர் காது பிரித்துக் கேட்கத் தொடங்கியிருந்தது.

போன மாதம் நின்ற வளைவு வந்தது. கமருன்னிசா செருப்பைத் தேடிக் கால்களை நுழைத்தார். வளைவு இடப்பக்கமாகச் சுழன்று, சுவரில் உட்கார்ந்திருந்த குரங்குகள் கண்ணாடியருகே வந்து, பின்னால் போய், மறைந்தன. வண்டி அடுத்த வளைவில் இருந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் கமருன்னிசா மெதுவாக. செருப்பை மறுபடியும் கழற்றினார்.

எழில்மதி அப்போதுதான் மடியைப் பார்த்தாள். வெளிக்காற்று தொண்ணூற்று மூன்று. பார்க்கப் பார்க்கத் தொண்ணூற்றிரண்டு. யாரும் இந்த வண்டிக்கு மலை என்று சொல்லவில்லை. அதற்குக் கண் கிடையாது. ஆனால் அதற்குத் தெரிந்துவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் இத்தனை காலம் யாரும் தொடாமல் கிடந்த அந்த வரிகள், ஒன்றன்பின் ஒன்றாக, இப்போது விழித்துக்கொள்கின்றன. காற்று மெலிகிறது, இவ்வளவு குறை. இன்னும் மெலிகிறது, இன்னும் கொஞ்சம் குறை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு இயந்திரம் யோசிக்கிறது. நான்கு வருடம் காட்டாமல் விட்டதை மலை ஒரு சாலையில் காட்டிக்கொண்டிருந்தது. காது அடைத்துக்கொண்டது. எச்சிலை விழுங்கினாள். காது திறந்தபோது இன்ஜினின் சத்தம் பெரிதாக, அழகாகக் கேட்டது.

ஜவஹர் அலி பள்ளி வாசலில் நின்றிருந்தான். அம்மா நடந்து வரவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நண்பர்களிடம் சொல்லி வைத்திருந்தானாம். "அடுத்த மாசமும் இந்த அங்கிள் வண்டிதான்" என்றார் கமருன்னிசா தம்ரூட்டைப் பிரித்துக்கொண்டே. "இனிமே நான் நடக்குறதப் பாக்கணும்னா நாகூருக்கு வா."

நீலமேகம் அதைக் கேட்காததுபோல் கண்ணாடியைத் துடைத்தார். அதே இடத்தை நெடுநேரம் துடைத்தார்.

சாயங்காலம் இறங்கத் தொடங்கியபோது அவர் கை பழக்கத்தில் நியூட்ரலுக்குப் போனது. ஆற்றுப்பாலத்திலிருந்து இறங்கும்போதெல்லாம் டீசல் மிச்சம் என்று அப்படித்தான் விடுவார்.

"வேணாம்ப்பா" என்றாள் எழில்மதி. இந்த முறை கொஞ்சம் மெதுவாக வந்தது. "பிரேக் தாங்காது."

"கியர்ல விட்டா டீசல் குடிக்கும்ல?"

அவளுக்குத் தெரியவில்லை. பட்டறையில் அதை அவள் பார்த்திருக்கவில்லை. "தெரியலப்பா. செகண்ட்லயே விடு, ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடு. பாப்போம்."

அவர் காலை எடுத்தார். இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, உறுமியபடியே இறங்கியது. அவள் டீசல் எவ்வளவு பீச்சுகிறது என்ற எண்ணைத் தேடி எடுத்தாள். பார்த்தாள். கைப்பேசியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"என்ன சொல்லுது?"

"பூஜ்யம்."

"கெட்டுப்போச்சா?"

"இல்ல. டீசலே குடுக்கலப்பா. நியூட்ரல்ல விட்டா, நின்னுறாம இருக்கக் கொஞ்சமாச்சும் குடுத்தாகணும். இப்ப மலைதான் இன்ஜினச் சுத்துது."

ஏழெட்டுப் பேரையும் இத்தனை இரும்பையும் தூக்கிக்கொண்டு, உறுமிக்கொண்டு ஓடும் ஒரு இன்ஜின், ஒரு சொட்டுக் குடிக்காமல். நீலமேகம் வளைவைத் திருப்பினார். கீழே சேலம் ஒரு கைப்பிடி விளக்குகளாகக் கிடந்தது.

"அப்ப எறங்குறதுக்கு வாடக பாதி போதும்தானே அண்ணே?" என்று பின்னாலிருந்து கமருன்னிசா கேட்டார்.

"இப்ப?" என்றார் நீலமேகம் அடுத்த வளைவில்.

"பூஜ்யம்தான்ப்பா."

"இப்ப பாரு."

"பூஜ்யம்."

அதற்கடுத்த வளைவிலும் அவர் கேட்டார். அவள் சொன்னாள்.